சூட்கேஸில் ஏழு தட்டு

பொன்மலை, திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. மழை நாலு நாளாக வருகிற மாதிரி வந்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

லைப்சிக் பழைய சாமான் சந்தையில் ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன் என்று நீ படம் அனுப்பியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "உன்னிடம் இருப்பதில் எதையெல்லாம் கேட்கலாம், ஒரு லிஸ்ட் போடும்மா" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். உட்கார்ந்து எழுதினேன். நாற்பது பெயர் வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, இது லிஸ்டா வாக்காளர் பட்டியலா என்றார். சித்தி பையன் அடுத்த மாசம் பெர்லின் வருகிறான் அல்லவா, அவனுடைய 23 கிலோவில் இரண்டு கிலோவை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உறையோடு ஒரு இசைத்தட்டு கிட்டத்தட்ட கால் கிலோ. ஆக ஏழு தட்டு. மிச்சம் இருக்கும் கால் கிலோவுக்கு நாரத்தங்காய் ஊறுகாய்.

தட்டுகள் வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனில் கேட்கிற மாதிரி ஒன்றைப் போட்டுப் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவாதே. ஒரு பக்கம் என்பது இருபது நிமிஷம் சொச்சம். குக்கர் வைத்து, ரசம் நுரை கட்டி, அப்பளம் பொரிக்கிற நேரம். எதை முதலில் வைப்பது, எதற்குப் பிறகு எது, கேட்கிறவரை எந்த இடத்தில் எழுப்பித் தட்டைத் திருப்ப வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். பந்தியில் உட்கார்ந்தவுடன் மோரைக் கொண்டா என்றால் சமைத்தவருக்கு எப்படி இருக்கும்?

முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது. சினிமா கிடையாது, பாடலும் கிடையாது. தியாகராஜருக்கும், பாக் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கை என்று செய்தது. இதை நான் வாங்கி வந்த அன்று அந்த மாசப் பால் கணக்கு பாக்கி. உன் அப்பா மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் அவரே ஊசியை எடுத்து வைத்தார்.

இதை உனக்கு முதலில் அனுப்பக் காரணம் உன் ஊர். பாக் 1723-இல் லைப்சிக் வந்து, 1750-இல் சாகும்வரை அங்கேதான் தாமஸ் தேவாலயத்துப் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டார். அவரைப் புதைத்திருக்கும் இடமும் இப்போது அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. நீ டிராமில் அந்தப் பக்கம் போய்வருகிறாய். இங்கிருந்து காவிரிக் கரையோடு கிழக்கே போனால் திருவையாறு. பாக் இறந்து 17 வருஷம் கழித்துத்தான் தியாகராஜர் பிறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை, கேட்டிருக்கவும் முடியாது. பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் அவர்களைச் சென்னையில் ஒரு அறைக்குள் உட்கார வைத்தார். அதுதான் இந்தத் தட்டு.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று வரும். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற உருப்படியின் முகப்பு அப்படியே ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நம்மூர்க் கமகத்தோடு வந்து உட்காரும். மேலே ஒட்டவைத்த மாதிரி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. விருந்தாளி வந்தால் திண்ணையில் இடம்விட்டு நகர்ந்து உட்காருவோமே, அந்த மாதிரி பாக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறார். நீ ஐந்து வயதில் இதற்குக் கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவாய். ஓட்டம் நின்றதும் தலை சுற்றி என் மடியில் வந்து விழுவாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

அடுத்தது அந்தப் பெட்டியில் வந்தது. எந்தப் பெட்டி என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நான் ஒர்க்‌ஷாப் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இன்னும் நிறைய இருந்தன. ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது வீட்டுச் சாமானை வெளித்திண்ணையில் பரப்பி விற்பார்கள். பெர்த் நகருக்குக் கிளம்பிய ஒரு ரயில் கார்டு தம்முடைய ரெக்கார்டுகளை ஒரு மரப்பெட்டியோடு வைத்திருந்தார். நாற்காலிக்கும் பீரோவுக்கும் பேரம் நடந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கேட்பாரில்லை. நான் கேட்டதும் அவர் விலை சொல்லவில்லை. "ஜிம் ரீவ்ஸ் கேட்பாயா?" என்றார். கேட்பேன் என்றேன். பொய். அதுவரை நான் ஜிம் ரீவ்ஸ் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அந்த ஜிம் ரீவ்ஸ் உனக்கு வருகிறது. 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்மஸ்', 1963. அடுத்த வருஷமே அவர் தாமே ஓட்டிய சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார். டிசம்பர் வந்தால் பொன்மலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் குரல்தான் ஜன்னல் வழியாக வரும். கத்தவே மாட்டார். மைக்குக்கு ஒட்டினாற்போல் நின்று, பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி பாடுவார். சங்கீதமாகப் பார்த்தால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நீ அங்கே பனியில் தனியாக இருக்கும்போது கேள்.

பெட்டியின் அடியில் கிடந்தது அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கார்டு இதை அதிகம் போட்டிருக்க மாட்டார், தட்டு புதுசு மாதிரி இருந்தது. நானும் முதல் ஒரு வருஷம் இதை ஓரமாகத்தான் வைத்திருந்தேன். ஜாஸ் என்றால் டம்டம் என்று ஆடுகிற கூட்டம் என்று நினைப்பு. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்ததும் எதையாவது போடுவோமென்று போட்டேன். 'ஸோ வாட்' ஆரம்பித்தது. ஆர்மோனியத்தை இழுத்து வைத்துத் தடவிப் பார்த்தேன். நம்முடைய கரகரப்ரியா ஸ்வரங்கள்! பாதியில் எட்டுத் தாளச் சுற்றுக்கு எல்லாவற்றையும் அப்படியே அரை ஸ்வரம் மேலே தூக்குகிறார்கள், மறுபடி பழைய இடத்தில் இறக்குகிறார்கள். தியாகராஜர் இறங்கி விளையாடிய ராகம் அது. இவர்கள் நம் பாணியில் கமகம் போடவில்லை, இந்த ஸ்வரத்தில் நின்றுதான் ஆகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இருந்தாலும் ஒரு ஸ்வர வரிசையை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே உலாவுவது நமக்குத் தெரிந்த சமாசாரம்தானே? அவர்களுக்கு அது 1959-இல் புதுசாம்.

ஆனால் ஆர்மோனியத்தோடு சுருதி சேரவே இல்லை. முதல் பக்கம் ஒரு நூல் மேலே நின்றது. திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் சரியாகச் சேர்ந்தது. பிளேயரில்தான் கோளாறு என்று ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் உள்ளே என்னவோ ஒரு ரப்பரை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார். சுருதி அதே இடத்தில் நின்றது. என் காதுதான் கெட்டுப்போச்சு என்று விட்டுவிட்டேன். பல வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நியூயார்க்கில் மார்ச் 2 அன்று முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். ஏப்ரல் 22-இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தப் பிசகு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே ஏறின சுருதியில் கேட்டிருக்கிறது. தொண்ணூறுகளில்தான் சரிசெய்து வெளியிட்டார்கள். உன் போனில் இருப்பது சரிசெய்தது, நான் அனுப்புவது பழசு. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார். இதைப் படித்த அன்று நான் அப்பாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன், என் காது சரியாகத்தான் இருந்தது என்று.

ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் எல்லாம் இதில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நீயே தேடிப் படித்துக்கொள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் பக்கத்தை மட்டும் போட்டால்கூடப் போதும்.

சக்தி குழுவின் முதல் தட்டு மூர் மார்க்கெட்டில் வாங்கியது. ரயில்வே பாஸில் மெட்ராஸ் போனால் சென்ட்ரலில் இறங்கிப் பத்தடி நடந்தால் மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பழைய தட்டு, கிளி, முயல், எல்லாம் கிடைக்கும். அடுத்த வருஷம், 1985-இல், அது எரிந்துபோனது. இந்தத் தட்டு தப்பித்து வந்தது என்று வைத்துக்கொள். ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். 1975-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஆட்கள் முன்னால் வாசித்தது. சங்கர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு 'ஜாய்' பதினெட்டு நிமிஷம், மூச்சுவிட இடமில்லை. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி. நம் கச்சேரிகளில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்து காபிக்குப் போகிற கூட்டம் இருக்கிறதே, அவர்களை எல்லாம் கட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். பானை பேசுகிறது. மானாமதுரைப் பக்கம் போனால் சூளையிலிருந்து எடுத்த பானையைச் சுண்டிப் பார்ப்பார்கள், அந்த டங் சத்தம் இதில் அமெரிக்கா போய் நிற்கிறது.

எம்.எஸ். இல்லாமல் அனுப்புவேனா? ஆனால் சுப்ரபாதம் வராது. 1963-இல் வந்த அந்தத் தட்டு உன் பாட்டி வாங்கியது, அதில் கீறல். "எழுந்திரு, எழுந்திரு" என்று கோவிந்தனை எழுப்பும் இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு எம்.எஸ். திரும்பத் திரும்ப எழுப்புவார். அவன் எழுந்தானோ இல்லையோ, ஸ்கூலுக்கு நீ எழுந்துவிடுவாய். அதைப் போனிலேயே கேள், கீறல் இல்லாமல். உனக்கு வருவது பஜகோவிந்தமும் விஷ்ணு சகஸ்ரநாமமும் உள்ள தட்டு, 1970. அதன் தொடக்கத்தில் ராஜாஜி பேசுவார். இங்கிலீஷில், வயதான குரலில், பக்தியும் ஞானமும் வேறு வேறு இல்லை என்று. அதைத் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீ தள்ளாதே. அந்த நடுங்கும் குரல் முடிந்து எம்.எஸ். எடுக்கும் இடம் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் அந்தத் தட்டு எனக்குப் பாதிதான்.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் வருகிறது. 'சிங்காரவேலனே' பாட்டில் எஸ். ஜானகியோடு ஓடுகிற நாகஸ்வரம் என்றால் உனக்குத் தெரியும். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி உன் தாத்தாவிடம் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டாக இருந்தது. அதை அனுப்ப முடியாது, கீழே வைத்தாலே உடையும். போதாததற்கு உன் பிளேயரில் அந்த வேகமும் ஊசியும் இருக்காது. தாத்தா அதைப் போட்டால் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். சரி, காருகுறிச்சிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்று உங்கள் ஊரில் சட்டம் என்றாயே, அன்றைக்கு இதை எடுக்காதே. நாகஸ்வரம் சன்னமாகக் கேட்கிற வாத்தியம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு ஒரு காபி கொடுத்துவிட்டுப் போடு.

ஏழாவது 'கால் ஆஃப் தி வேலி', 1967. சந்தூர், கிதார், புல்லாங்குழல். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள், காலை ராகத்தில் ஆரம்பித்து இரவில் முடியும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் தட்டு, ஓட்டலில்கூடப் போடுவார்கள். அதற்காக அது மட்டமாகிவிடாது. காய்ச்சலில் படுத்தால் நல்லது.

சினிமாப் பாட்டு எங்கே என்று கேட்பாய். அதற்கு என்னிடம் தட்டு குறைவு, கேசட்தான். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் டிடிகே 60-இல் பதிந்து தருவார்கள். லீவு லெட்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுபோவேன். பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு நிம்மதியாகக் கொள்ளும், ஏழாவதுக்கு ஆசைப்பட்டால் அறுந்துபோகும். நான் எப்போதும் ஏழு எழுதுவேன். 'ராஜ பார்வை' படத்து 'அந்தி மழை' என் கேசட்டில் இரண்டாம் சரணம் நடுவில் டக்கென்று நின்றுவிடும். எஸ்.பி.பி. வாயைத் திறந்தபடி. இப்போது எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் கை தானாகக் கேசட்டைத் திருப்பப் போகிறது. பாட்டு மேலே ஓடினால்தான் எனக்கு ஏதோ தப்பு நடக்கிற மாதிரி இருக்கிறது. நாகூர் ஹனிபாவும் கேசட்தான், நாடா நைந்துபோனது. அவை இங்கேயே இருக்கட்டும்.

உன் கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாவைத் துடைத்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தபோது வாங்கிய 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' சிடி கிடைத்தது. அதை நான் வைத்துக்கொண்டேன். கியூபாக்காரர்களோடு வாசிக்க ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து ஆட்கள் வரவேண்டியது, அவர்களால் வரமுடியவில்லை, சரி என்று ஹவானாவிலேயே மறந்துபோன கிழவர்களைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்தார்களாம், 1996-இல். பாடகர் இப்ராஹிம் ஃபெர்ரர் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாராம். பியானோக்காரர் ரூபன் கொன்சாலஸுக்கு வீட்டில் பியானோவே கிடையாதாம். நான் ரிட்டயர் ஆன பிறகுதான் இதைக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. மதியம் துணி மடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன். முன்பு நீ கேட்டபோது "என்ன இரைச்சல்" என்று சொல்லியிருப்பேன், சொன்னேனா?

என்னிடம் தட்டாக இல்லாத ஒன்றை நீ அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்', கிளென் கூல்ட் பியானோவில் வாசித்தது. இரண்டு தட்டாக இருக்கிறது, இரண்டையும் வாங்கு. 1955-இல் 22 வயதில் வாசித்தது 38 நிமிஷம். 1981-இல் 48 வயதில் வாசித்தது 51 நிமிஷம். அதே பாட்டுதான். சின்ன வயதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி போகிறார். இரண்டாவதில் முதல் பத்து ஸ்வரத்துக்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், பியானோ ரிப்பேரோ என்று நினைத்தேன். கூடவே முனகுவார். அது தட்டின் கோளாறில்லை, அவரே பாடுகிறார், நிறுத்தச் சொல்லியும் நிறுத்த முடியவில்லையாம். எங்கே போனாலும் தம் பழைய மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் போவாராம். இரண்டு தடவையும் பதிவு செய்த இடம் நியூயார்க் 30-ஆம் தெருவில் சர்ச்சாக இருந்து ஸ்டூடியோ ஆன ஒரு கட்டடம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அங்கேதான். இப்போது அந்தக் கட்டடம் இல்லை.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதே, நிற்க வைத்து வை. கறுப்பில் கைபடாமல் ஓரத்தைப் பிடித்து எடு. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அப்பளம் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதிலேயே துடைத்துக்கொள்ளலாம். ஊசி மட்டும் புதுசு வாங்கு. பழைய சந்தையில் வாங்கிய பிளேயரின் ஊசியை நம்பி காருகுறிச்சியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஜிம் ரீவ்ஸ் உறையின் மூலையில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கும். கார்டின் மனைவி பெயர். அழிக்காதே.

அப்பா கேட்கச் சொல்கிறார்: அங்கேயும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்தானே, அமெரிக்கப் பிளேயராக இருந்தால் மெதுவாக ஓடுமே, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் படம் அனுப்பு என்று. கைண்ட் ஆஃப் ப்ளூ கதையை நான் சொன்னதிலிருந்து அவருக்கும் இந்தக் கவலை ஒட்டிக்கொண்டது.

சித்தி பையனிடம் தட்டைக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். கைக்கு வந்ததும் உறை மடங்காமல் வந்ததா என்று முதலில் சொல். பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா